கடித்துப் பார்த்தல்

பிப்ரவரி 6

முத்துத் தரம் பிரிக்கும் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பழைய தொழிற்சொற்களுக்கான அகராதி ஒன்றைத் தொகுத்துவருகிறோம். இப்போது மகர வரிசையில் நிற்கிறோம். 'முத்து' என்ற சொல்லும் அதன் உறவுக்காரச் சொற்களும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. பாட்டிலும் கல்வெட்டிலும் இருப்பதை நாங்களே பார்த்துக்கொள்வோம். இன்றைக்கும் புழங்கும் சொல் எது, செத்துப்போன சொல் எது என்று தொழிலில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும் என்கிறார் பதிப்பாசிரியர். முத்து வியாபாரிகள் எழுதிக்கொடுத்த பெயர்களில் உங்கள் பெயரை அவரே தேர்ந்தெடுத்தார். "இவரத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

இந்தச் சொற்களுக்கு விளக்கம் வேண்டும்: ஆணிமுத்து, சப்பத்தி, கறடு, இரட்டை. இவை தவிர, பழைய கல்வெட்டு ஒன்றில் முத்துகளைக் 'குளிர்ந்த நீர்', 'சிவந்த நீர்' என்று பிரித்திருக்கிறார்கள். முத்துக்கு ஏது நீர் என்று விளங்கவில்லை.

இது அலுவலகக் கடிதம். குடும்ப விஷயம் எதுவும் இதில் இல்லை. பதிலிலும் இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
துணைத் தொகுப்பாளர்


பிப்ரவரி 15

அகராதி அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். உங்களை வீட்டில் 'அகராதி' என்றுதான் கூப்பிடுவார்களாமே. எதற்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு பேசுகிற பெண்ணுக்கு வைத்த பெயர், கடைசியில் அதுவே வேலையாகவும் அமைந்துவிட்டது என்று கேள்வி. எனக்கு உங்களைத் தெரியாது. யாரோ சொன்னதுதான்.

ஆணி என்ற சொல் எங்கள் அறையில் இன்றும் இருக்கிறது. முழு உருண்டை, மாசு மறு இல்லாதது. ஒரு தட்டு நிறையக் கொட்டினால் ஒன்று தேறலாம், தேறாமலும் போகலாம். தேறினால் முதலாளி அன்று முழுக்கச் சத்தம் போடாமல் இருப்பார். ஏன் அதற்கு ஆணி என்று பெயர் என்று எனக்குத் தெரியாது. சப்பத்தியை நாங்கள் சப்பை என்போம். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். தோட்டில் வைத்துப் பதித்தால் தட்டைப் பக்கம் வெளியே தெரியாது. கறடு என்று இப்போது யாரும் சொல்வதில்லை. தோல் சொரசொரவென்று மேடும் பள்ளமுமாக இருந்தால் ஓரமாகத் தள்ளிவிடுவோம், பெயர் வைப்பதில்லை. இரட்டை அன்றும் இரட்டைதான், இன்றும் இரட்டைதான். இரண்டு ஒட்டிக்கொண்டு வளர்ந்தது. பிரிக்கப் பார்த்தால் இரண்டும் உடையும்.

நீர் என்பது ஒளி. முத்தின் மேலே தெரிகிற பளபளப்பு இல்லை, உள்ளேயிருந்து வருவது. வெயில் நேராக விழாத சன்னலுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்திருப்போம். "நீர் எப்படி இருக்கு?" என்று முதலாளி கேட்பார். வெண்மைக்குள் நீலம் ஓடினால் குளிர்ந்த நீராக இருக்கும். ரோஜா நிறம் ஓடினால் சிவந்த நீர். கல்வெட்டில் எழுதினவர் எங்கள் சன்னலோரத்தில் உட்கார்ந்து எழுதினமாதிரி இருக்கிறது.

அப்பா எப்படி இருக்கிறார் என்பது அலுவலகக் கேள்வி இல்லை. ஆகையால் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தரம் பிரிப்பவன்


பிப்ரவரி 24

தம்பி,

உன் கடிதத்தைப் பதிப்பாசிரியர் படித்துவிட்டு, "ஆளு நல்லா எழுதறாரே, விடாதீங்க" என்றார். முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் படித்தாரா என்று தெரியவில்லை. படித்திருந்தாலும் கேட்கமாட்டார். நல்ல மனிதர்.

ஆணிக்கு விடை இதோ. ஆணிப்பொன் என்றால் மாற்றுக் குறையாத பொன். மற்றதை எதோடு ஒப்பிட்டு உரசிப் பார்க்கிறோமோ அது. முத்திலும் அதே பொருள்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மற்றவை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. 'நித்திலம்' தட்டையில்லாதது, உருண்டையானது என்ற பொருளுள்ள வடசொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். 'தரளம்' நடுங்குவது, அசைவது. கழுத்தில் ஆடுகிறதே, அதனால். 'முத்து' என்ற சொல்லுக்குத்தான் இரண்டு கட்சி. முற்றியது, முதிர்ந்தது என்பது ஒரு கட்சி. ஆமணக்கு விதையையும் முத்து என்கிறோம் அல்லவா, அதைக் காட்டுவார்கள். சிப்பியிலிருந்து விடுபட்டது, அதாவது 'முக்தா' என்பது மறு கட்சி. எந்தச் சொல் எதிலிருந்து பிறந்தது என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் நிற்கிறார்கள். நான் இரண்டையும் எழுதி வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறேன். சில நாட்களாக எந்தச் சொல்லைப் பார்த்தாலும் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. அட்டையில் எழுதுகிறேன், பெட்டியில் போடுகிறேன், வீட்டுக்குப் போகிறேன்.

நீ கேட்கவில்லை, நானும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அப்பா பின்னறையில் இருக்கிறார். தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. "போதும்", "விளக்க அணைச்சிடு" இந்த இரண்டைத் தவிர இரண்டு வருஷமாக அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை நான் கேட்டதில்லை. அம்மா பெயரைச் சொல்வதே இல்லை.

நீ மறந்திருக்கலாம். எனக்கு அந்த அறை அப்படியே இருக்கிறது. அம்மாவைக் கிடத்தியிருந்தோம். சுற்றிலும் அத்தைகள், பக்கத்து வீட்டார், அப்பாவோடு கப்பலில் வேலை பார்த்த இரண்டு பேர். நீ கடைசியாக வந்தாய். அம்மா கழுத்திலிருந்த முத்து வடத்தைக் கழற்று என்று பெரிய அத்தைதான் சொன்னாள். நீ கழற்றினாய். கழற்றி நேரே வாயில் வைத்தாய். அம்மா அங்கே கிடக்கும்போது, அத்தனை பேர் பார்க்க, கடைத்தெருவில் சரக்குப் பார்ப்பவனைப் போலப் பல்லில் வைத்து இழுத்தாய். "இது முத்தில்ல" என்றாய்.

அப்பா கப்பல் எந்திர அறையில் வேலைக்குச் சேர்ந்து முதல் பயணத்தில் வாங்கியது அது. காலுறைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து அம்மா கழுத்தில் போட்டார். நாற்பது வருஷமாக அவள் அதைக் கழற்றவில்லை. "கண்ணாடி மணியப் போட்டுக்கிட்டா இவ்வளவு காலமா மினுக்குனா?" என்று அத்தை சொன்னது அப்பா காதில் விழுந்தது. அவர் எழுந்து போனார். போனவர் இன்னும் திரும்பவில்லை என்றுதான் வைத்துக்கொள்ளேன்.

உன்மேல் எனக்குக் கோபம். அது ஒன்றுதான் இன்னும் மரத்துப்போகாமல் இருக்கிறது.

அலுவலக விஷயம் ஒன்று பாக்கி. 'கடித்துப் பார்த்தல்' என்ற தொழில் வழக்கை அகராதியில் சேர்க்க வேண்டும் என்கிறார் பதிப்பாசிரியர். எப்படிச் செய்வது, எதை வைத்து அறிவது, என்னென்ன கூடாது என்று விளக்கமாக எழுது. வேறு யாரிடமாவது கேட்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை.

அக்கா


மார்ச் 8

அக்கா,

பொய் சொல்லியிருக்க வேண்டுமா? சொல். இரண்டு வருஷமாக உன்னிடம் கேட்க வேண்டும் என்றிருந்த கேள்வி இது ஒன்றுதான்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. காலையிலிருந்து மாலைவரை தட்டிலிருந்து எடுப்பது, பல்லில் வைப்பது, பிரித்துப் போடுவது. கையில் முத்து வந்தால் அது வாய்க்குப் போய்விடும். சட்டைப் பொத்தான் அறுந்து கையில் வந்தாலும் வாய்க்குத்தான் போகிறது. அன்றும் கை தானாகப் போனது. வாய் தானாகச் சொன்னது. இந்த வேலையில் ஒரு தடவை இல்லாததை இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அப்புறம் எவனும் நம்மிடம் தட்டை நீட்டமாட்டான். அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அது எங்கள் அறை இல்லை, சாவு வீடு என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

நான் என்ன சுகமாகவா இருக்கிறேன்? வேலைக்குப் போகிறேன், வருகிறேன். ஒரே கடையில் ஒரே ரொட்டி. தறி ஓடினமாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்காக நான் இன்னும் அழவில்லை. அழுதால்கூடப் பரவாயில்லை என்று இருக்கிறது.

நான் முத்தை முதலில் பார்த்தது எங்கே தெரியுமா? அம்மா வாயில். குனிந்து எதைச் செய்தாலும், தரை துடைத்தாலும், துணி அலசினாலும், வடம் முன்னால் தொங்கி நனையக் கூடாது என்று பல்லில் கவ்விக்கொள்வாள். அப்போது நாம் எதைக் கேட்டாலும் "ம்ம்" என்றுதான் பதில் வரும். நீயும் நானும் வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்து விளையாடப் போகலாமா என்று கேட்போம். "ம்ம்" என்பாள். சரியென்று ஓடிவிடுவோம். இத்தனை வருஷம் கண்ணாடியையா கவ்விக்கொண்டிருந்தாள் என்றுதான் அன்று எனக்கு முதலில் தோன்றியது. அத்தை பேசினதுகூடச் சரியாகக் காதில் விழவில்லை.

இனி உன் அலுவலக விஷயம்.

கடித்துப் பார்த்தல் என்று பெயரே தவிர, கடிக்கக் கூடாது. மேல்வரிசை முன்பல்லின் விளிம்பில் முத்தை வைத்து லேசாக இழுக்க வேண்டும். முத்தாக இருந்தால் நறநறவென்று நுண்மணல் உரசினமாதிரி இருக்கும். கண்ணாடியோ வேறு எதன்மேலாவது பூச்சு பூசியதோ என்றால் வழுக்கிக்கொண்டு போகும். காதால் கேட்பதில்லை, பல்லின் வேரில் தெரிவது அது. கீழ்ப்பல்லில் அவ்வளவு தெரியாது. நாக்கால் ஒன்றும் தெரியாது.

எங்கள் அறையில் சில கட்டுப்பாடு உண்டு. சுடச்சுட எதையும் குடித்துவிட்டு உட்காரக் கூடாது. ஐஸ் கூடாது. ஈறு வீங்கியவன், பல்வலிக்காரன் எவனானாலும் அன்று தட்டைத் தொடக் கூடாது. முதலாளி காலையில் எல்லோர் முகத்தையும் பார்ப்பார். கன்னம் உப்பியிருந்தால், "நீ இன்னைக்குக் கணக்குல இல்ல, வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிடுவார். வலிக்கிற பல் எல்லாவற்றையும் நறநறப்பு என்று சொல்லும். மரத்துப்போன பல் எல்லாவற்றையும் வழுக்கல் என்று சொல்லும்.

உன் 'முத்து' கட்சிகளைப் பற்றி ஒரு சந்தேகம். முதிர்ந்தது என்றால் எங்கள் தட்டில் பாதி முத்தே இல்லை, பிஞ்சு. விடுபட்டது என்றால், கத்தியை விட்டுப் பிளந்து எடுத்ததை விடுபட்டது என்று எப்படிச் சொல்வது? இரண்டு கட்சிக்காரர்களையும் ஒரு நாள் எங்கள் அறைக்கு அனுப்பு.

தம்பி


மார்ச் 15

தம்பி,

இது சின்னக் கடிதம். ஒரே ஒரு கேள்வி.

நீ எழுதிய விளக்கத்தை அலுவலகத்தில் அட்டையில் படியெடுத்துக்கொண்டிருந்தேன். 'மரத்துப்போன பல் எல்லாவற்றையும் வழுக்கல் என்று சொல்லும்.' இந்த வரியை எழுதிய பிறகு என் கை நின்றுவிட்டது. மேலே போகவில்லை.

அன்று நீ வந்தபோது உன் மேலுதடு ஒரு பக்கம் வீங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. நீ பேசியது குழறியது. 'முத்தில்ல' என்பதுகூட 'முத்தில்ழ' என்றுதான் வந்தது. யாரோ தேநீர் கொடுத்தார்கள், அது உன் வாயோரம் வழிந்து சட்டையெல்லாம் நனைந்தது, உனக்குத் தெரியவே இல்லை. சின்ன அத்தை உன் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்துவிட்டு என் காதில், "குடிச்சிருக்கானா?" என்று கேட்டாள். நான், அழுது அழுது வீங்கியிருக்கிறது என்று நினைத்தேன். நீ அழவே இல்லை என்று இப்போது எழுதியிருக்கிறாய்.

அன்று நீ எங்கிருந்து வந்தாய்?

வடம் என் அலமாரியில் பழைய சால்வைக்குள் சுற்றி இருக்கிறது. அன்று வைத்தது. நான் திறக்கவில்லை.

அக்கா


மார்ச் 22

அக்கா,

அன்று பல் டாக்டரிடமிருந்து வந்தேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தட்டை மூடி வைத்தேன். முதலாளி, "என்ன, பல்வலியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வந்து உட்கார்ந்திருக்கிறேன். வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

அன்று மேல் முன்பல் ஒன்று உள்ளுக்குள் சீழ் கட்டியிருந்தது. வேரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். "மரத்துப் போகட்டும், பத்து நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போனார். அந்த நேரத்தில்தான் உன் போன் வந்தது. எழுந்து, அவர்கள் கழுத்தில் கட்டிவிட்ட துண்டோடு ஓடி, பஸ் பிடித்து வந்துவிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் துண்டு கழுத்தில் இருப்பதே தெரிந்தது. உதடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அது அம்மா போனதால் என்று நினைத்துக்கொண்டேன். உடம்பே மரத்துப் போயிருந்தது, அதில் எது ஊசியால், எது செய்தியால் என்று பிரிக்க முடியவில்லை. நான் பிரிக்கிற தொழிலில் இருப்பவன்.

அந்த வாய்தான் அம்மா கழுத்துச் சரக்குக்குத் தரம் சொன்னது. இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்கு இது தோன்றவில்லை. பல்வலிக்காரனை வீட்டுக்கு அனுப்புகிற அறையில் தினமும் உட்கார்ந்திருக்கிறேன், தோன்றவில்லை. அந்த நாளை நினைக்கப் பிடிக்காமல் தள்ளித் தள்ளி வைத்தேன், அதுதான்.

இதற்கு மேல் நான் சொல்வதை நம்பாதே. அது முத்தாகவும் இருக்கலாம், முத்தில்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. உண்மையிலேயே தெரியாது. நீயே பார். வடத்தை ஈரத்துணியால் துடை. முதலில் ஒரு கண்ணாடி மணியை முன்பல்லின் விளிம்பில் இழுத்துப் பார், பல் அதைத் தெரிந்துகொள்ளட்டும். பிறகு வடத்தை இழு. கடிக்காதே. தேநீர் குடித்தவுடன் செய்யாதே. செய்துவிட்டு, எப்படியிருந்தாலும் எழுது. எனக்கு இரண்டு விதத்திலும் பயமாக இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

முத்து.

உன் கடிதம் வந்து மூன்று நாள் அலமாரிப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு காலையில் வீட்டில் யாரும் இல்லாதபோது சமையலறை முக்காலியில் உட்கார்ந்தேன். முதலில் என் கைப்பையில் தொங்கும் பாசிமணியைப் பல்லில் வைத்தேன். வழுக்கியது. பிறகு வடத்தை வைத்தேன். நறநற என்றது. உடம்பெல்லாம் கூசியது. நம்ப முடியாமல் மறுபடியும் பாசிமணி, மறுபடியும் வடம். ஒவ்வொரு முத்தாக முழு வடத்தையும் இழுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட வழுக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு அலுவலகம் போனேன். 'நித்திலம்' அட்டையை முடித்தேன்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வடத்தை மடியில் வைத்து, டாக்டர், ஊசி எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் அதைத் தொடாமல் இருந்தார். அப்புறம் எடுத்து வாயில் வைத்தார். உனக்குத் தெரியுமே, அவருக்கு மேலும் கீழும் பல்செட். கடகடவென்று சத்தம்தான் வந்தது. எடுத்து என்னிடமே கொடுத்துவிட்டுச் சொன்னார், "நீ அகராதி எழுதுறவ. உனக்கு என்ன தெரியும்? சொன்னவன் வந்து சொல்லட்டும்."

இரண்டு வருஷத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு இதுதான். கோபித்துக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் பேசினாரே என்றுதான் இருந்தது.

டவுனில் நகைக்கடைக்காரர் யாரிடமாவது காட்டலாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டார். நீதான் வர வேண்டும். அவருக்கு இதயம் முன்னைப்போல் இல்லை. படி ஏறினால் நின்று நின்றுதான் வருகிறார். போகிறபோது கண்ணாடி வாங்கிக் கொடுத்தவனாகப் போகக் கூடாது.

வா.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

வர நினைத்துப் பெட்டியை எடுத்து வைத்தேன். பிறகு ஒரு யோசனை வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் வந்து பல்லில் வைத்து "முத்துதான்பா" என்று சொன்னால் அவர் நம்புவாரா? அவரை எனக்குத் தெரியும். தலையை ஆட்டுவார். மனசுக்குள், பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து கிழவனைத் தேற்றுகின்றன என்று நினைத்துக்கொள்வார். அக்கா கூப்பிட்டாள், தம்பி வந்தான், பரிதாபப்பட்டு ஒரு பொய் சொன்னான். அதற்கு நான் வராமலே இருக்கலாம். அன்று உண்மை என்று நினைத்துப் பொய்யைச் சொன்னேன். இப்போது உண்மையைச் சொன்னால் பொய்போல இருக்கும். இப்படி ஒரு நிலைமை எவனுக்கு வரும்?

எங்கள் அறையில் புதிதாக ஆள் எடுக்கும்போது ஒன்று செய்வோம். கண்ணைக் கட்டி, கையைப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவோம். கையில் கொடுத்தால் எடையும் சில்லிப்பும் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து வடம், அதில் நாலு போலி. ஒவ்வொன்றாக உதட்டுக்கு நேரே நீட்டுவோம். பல்லை வைத்து மட்டும் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை. அப்படித்தான் நானும் சேர்ந்தேன்.

முதலாளியிடம் நாலு போலி வடம் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். என்னைச் சோதிக்க என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார். அதே அளவு, அதே நிறம், பார்த்தால் யாருக்கும் தெரியாது. நீ கண்ணைக் கட்டு. அப்பா தன் கையால் நீட்டட்டும், எந்த வரிசையில் வேண்டுமானாலும். நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. செருமக்கூடக் கூடாது.

ஒரு பயம் மட்டும் இருக்கிறது. அன்றைக்கு அப்புறம் அந்தப் பல்லின் நரம்பை எடுத்துவிட்டார்கள். இப்போது பக்கத்துப் பல்லால்தான் வேலை செய்கிறேன். இதுவரை தப்பவில்லை. அப்பா முன்னால் என்ன ஆகுமோ தெரியாது.

சனிக்கிழமை வருகிறேன்.

தம்பி


ஏப்ரல் 28

தம்பி,

பஸ்ஸைப் பிடித்தாயா? நீ ஓடின ஓட்டத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டில், "என்னங்க, சண்டையா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். கண்ணாடிப் போலிகள் நாலையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முதலாளிக்கு நன்றி சொல்.

உன் கண் கட்டியிருந்தது. அதனால் நீ பார்க்காததை எழுத வேண்டும். செருமக்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டாய், அன்று என் வாயும் கட்டித்தான் இருந்தது.

முதல் சுற்றில் நாலாவதாக வடத்தை நீட்டினார். நீ "இதுதான்பா" என்றாய். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவது சுற்றில் முதலிலேயே நீட்டினார். "இது" என்றாய். அப்போதும் ஒன்றும் இல்லை. நீ பயந்தது சரிதான். அவர் நம்பவில்லை, என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நான் ஏதோ சைகை காட்டுகிறேன் என்று நினைத்திருப்பார். கண் கட்டினவனுக்கு என்ன சைகை!

மூன்றாவது சுற்றுக்கு முன்னால் அவர் அம்மாவின் வடத்தை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் பார்த்தேன். வெறும் போலி நாலையும் ஒவ்வொன்றாக உன் வாயில் வைத்தார். நாலாவதை எடுத்த பிறகும் ஐந்தாவது வருமென்று நீ வாயைத் திறந்தபடியே இருந்தாய். உன் நெற்றியில் வியர்த்தது. ஏதாவது ஒன்றை இது என்று சொல்லிவிடுவாய், சொன்னால் எல்லாம் முடிந்தது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா, இதுல இல்லப்பா. எதுவுமே முத்தில்ல" என்றாய்.

அதே வார்த்தை. அப்போதுதான் அவர் முகம் மாறியது. நீ பரிதாபப்பட்டுச் சொல்கிற ஆள் இல்லை என்று அந்த ஒரு வார்த்தையில்தான் அவருக்குத் தெரிந்தது. பைக்குள் கையை விட்டு வடத்தை எடுத்தார். அவர் கை நடுங்கி வடம் முழுக்க ஆடியது. தரளம் என்ற சொல்லை வேலையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன். உன் கண்கட்டை அவரே அவிழ்த்தார். அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்களே, அதற்கு எந்த அகராதியிலும் சொல் இல்லை, விடு.

நீ போன பிறகு நடந்தது இது. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டை வாங்கப் பின்னறையிலிருந்து வந்தார். வாங்கிக்கொண்டு உள்ளே போகவில்லை. மேசையில் உட்கார்ந்தார். நாங்கள் யாரும் அதைப் பார்த்தமாதிரி காட்டிக்கொள்ளவில்லை. சாப்பிட்டு முடித்ததும், "இங்க வா, அகராதி" என்றார். சட்டைப் பையிலிருந்து வடத்தை எடுத்து என் கழுத்தில் போட்டார். கொக்கி மாட்ட அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. நான் உதவிக்குப் போகவில்லை.

அவர் தட்டை எடுக்கலாம் என்று குனிந்தேன். வடம் முன்னால் தொங்கிக் குழம்பில் விழப் பார்த்தது. இரண்டு கையிலும் பாத்திரம். சட்டென்று பல்லில் கவ்விக்கொண்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணில் நீர் கோத்து நின்றது.

"அவளும் இப்படித்தான் கவ்விக்குவா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அப்ப அவ பல்லுக்குத் தெரிஞ்சிருக்கும். தினமும் தெரிஞ்சிருக்கும், இல்ல?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது தம்பி. அம்மா போனதற்கு அப்புறம் முதல் தடவை. வாயில் முத்து இருந்ததால் "ம்ம்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

அக்கா